673 பக்கங்களில் மூன்று பக்கம்

நீங்கள் கேட்டது சுருக்கமாக இதுதான். பிரெஞ்சுத் தத்துவவாதி தெல்யூஸைப் பற்றி இன்னொரு பிரெஞ்சுத் தத்துவவாதியான பதியூ எழுதிய நூலை முதலில் படித்தீர்கள். பிறகு தெல்யூஸையே எடுத்துப் பார்த்தால் அங்கே வேறு யாரோ இருக்கிறார். ஃபூக்கோ என்ற பிரெஞ்சுச் சிந்தனையாளரின் தடித்த நூல் ஒன்றை அதே நாட்டுத் தத்துவவாதி தெரிதா மூன்றே பக்கங்களை வைத்து விமர்சித்தார் என்றும் கேள்விப்பட்டீர்கள். ‘இவர்கள் ஒருவரையொருவர் உண்மையிலேயே படிக்கிறார்களா, இல்லை சண்டைக்காகப் புரட்டுகிறார்களா?’ என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்குள் இன்னொரு கேள்வியும் இருப்பதாக எனக்குப் படுகிறது: ஒரு தத்துவவாதி இன்னொருவரைப் பற்றி எழுதிய நூலை நம்பி, அதைப் பிடித்துக்கொண்டு போகலாமா? முதல் கேள்விக்கு என் பதில்: படிக்கிறார்கள், நம்மில் பலரையும்விட நெருக்கமாக. இரண்டாவதற்கு: போகக் கூடாது. இரண்டும் எப்படி ஒன்றாகப் பொருந்தும் என்று கேட்பீர்கள். அதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

இருபது வருடத்துக்கு மேல் இந்த நூல்களை வகுப்பில் நடத்தியவன் நான். பிரெஞ்சு நூல்களை மூலத்தில் படித்துவிடுவேன். ஜெர்மன் என்றால் பக்கத்தில் அகராதி வேண்டும். ஆகவே ஜெர்மன் தத்துவவாதிகளான ஹைடெக்கர், காதமர் பற்றி நான் சொல்வதைக் கொஞ்சம் தள்ளுபடி செய்தே எடுத்துக்கொள்ளுங்கள்.

பரபக்கம், சுபக்கம் என்ற வாத ஒழுங்கு நமக்குத் தெரிந்ததுதான். எதிராளியின் கட்சியை முதலில் சொல்லி, அதை மறுத்து, அதன்பின் தன் கட்சியை நிறுவுவது. அந்தப் பழக்கத்தோடு ஐரோப்பியக் கண்டத்துத் தத்துவ நூல் ஒன்றைத் திறந்தால் தலை சுற்றும். மற்றவர் பேச்சு எங்கே முடிகிறது, எழுதுபவர் பேச்சு எங்கே தொடங்குகிறது என்று கோடு போட முடியாது. சில சமயம் ஒரே வாக்கியத்தில் இருவரும் பேசுவார்கள். அங்கே தன் தத்துவத்தைச் சொல்வதற்கான வழியே இன்னொருவரை வாசிப்பதுதான். இந்தப் பழக்கம் யாரிடமிருந்து வந்தது என்று ஒரே ஒரு பெயரைச் சொல்லச் சொன்னால் ஹைடெக்கரைச் சொல்வேன். 1929இல் அவர் பதினெட்டாம் நூற்றாண்டுத் தத்துவவாதி காண்ட்டைப் பற்றி ஒரு நூல் எழுதினார். காண்ட்டை முறுக்கிவிட்டார் என்று ஆய்வாளர்கள் கோபப்பட்டார்கள். 1950இல் இரண்டாம் பதிப்பு வந்தபோது அதன் முன்னுரையில் அவர் மறைக்கவில்லை: என் விளக்கங்களில் வன்முறை இருக்கிறது என்று ஓயாமல் சொல்கிறார்கள், அதற்கு இந்த நூலிலேயே நல்ல ஆதாரம் கிடைக்கும் என்று ஒப்புக்கொண்டார். கூடவே, சிந்தனையாளர்கள் தங்களுக்குள் நடத்தும் உரையாடலின் விதிகள் வேறு, வரலாற்று மொழியியலாளரின் விதிகள் வேறு என்றும் எழுதினார். இது நேர்மையா, தப்பிக்கும் வழியா என்று நானும் பலமுறை யோசித்திருக்கிறேன். இரண்டும் கலந்தது என்றுதான் தோன்றுகிறது.

தெல்யூஸ் இதையே குறும்பாகச் சொன்னார். 1973இல் ஒரு விமர்சகருக்கு எழுதிய கடிதத்தில், தத்துவ வரலாற்றைத் தான் எழுதிய விதத்துக்குக் கொஞ்சம் ஆபாசமான ஓர் உவமையைத் தருகிறார். ஒரு தத்துவவாதியின் முதுகுப் பக்கமாகப் போய் அவருக்கே ஒரு குழந்தையை உண்டாக்கிக் கொடுப்பதாம். குழந்தை அவருடையதாகவும் இருக்க வேண்டும், விகாரமானதாகவும் இருக்க வேண்டும். முதல் நிபந்தனையைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். அந்த நூலாசிரியர் உண்மையில் சொல்லியிருப்பதிலிருந்துதான் அது பிறக்க வேண்டும் என்பதில் தெல்யூஸ் கறாராக இருக்கிறார்.

இனி நீங்கள் கேட்ட மூன்று பக்கங்களுக்கு வருகிறேன். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். இந்தச் சண்டை புரிந்துவிட்டால் மற்றவை பாதி புரிந்த மாதிரி. ஃபூக்கோ பித்தின் வரலாறு பற்றிய தன் நூலை 1961இல் வெளியிட்டார். 1963 மார்ச்சில் பாரிஸில் தெரிதா அதைப் பற்றி ஒரு சொற்பொழிவு ஆற்றினார், ஃபூக்கோவும் கேட்டுக்கொண்டிருந்தார். 673 பக்க நூலில் பதினேழாம் நூற்றாண்டுத் தத்துவவாதி தெக்கார்த்துக்கு ஒதுக்கியது மூன்றே பக்கம் என்பதைச் சொன்னதே தெரிதாதான். அதைக் குறையாக அவர் சொல்லவில்லை. மொத்தத் திட்டத்தின் அர்த்தமும் அந்த மூன்று பக்கங்களில் தங்கியிருக்கிறது என்பது அவர் கட்சி. தூணைப் பிடித்து அசைத்தால் கூரை அசைகிறதா என்று பார்க்கும் வேலை அது. எல்லாத் தூணும் கூரையைத் தாங்குவதில்லை என்று நீங்கள் சொல்லலாம். ஃபூக்கோவும் ஏறக்குறைய அதைத்தான் சொன்னார்.

அந்த மூன்று பக்கத்தில் என்ன இருக்கிறது? தெக்கார்த்தின் ‘தியானங்கள்’ நூலில், முதல் தியானத்தில் ஓர் இடம். புலன்கள் சில சமயம் ஏமாற்றும், சரி. ஆனால் நான் இங்கே நெருப்பருகே உட்கார்ந்திருக்கிறேன், கையில் இந்தத் தாள் இருக்கிறது, இதை எப்படிச் சந்தேகிக்க முடியும்? சந்தேகித்தால், பரம ஏழையாக இருந்துகொண்டு தன்னை அரசன் என்று நினைப்பவர்களோடும், உடம்பு கண்ணாடியால் ஆனது என்று நம்புபவர்களோடும் என்னைச் சேர்க்க வேண்டியிருக்குமே. ‘ஆனால் அவர்கள் பைத்தியக்காரர்கள்’ என்று ஒரு வரி. அதோடு அந்த வழி மூடப்படுகிறது, பேச்சு கனவுக்குப் போகிறது. ஃபூக்கோவின் வாசிப்பில் அந்த ஒரு வரிதான் பித்தைப் பகுத்தறிவின் வீட்டிலிருந்து வெளியே தள்ளிக் கதவைச் சாத்துகிறது. பாரிஸில் 1656இல் பொது மருத்துவமனை என்ற பெயரில் ஏழைகளையும் பித்தர்களையும் அடைத்துவைக்கத் தொடங்கிய காரியத்துக்கு அதைத் தத்துவத்தில் ஓர் இணையாகப் பார்க்கிறார். தெரிதாவின் வாசிப்போ வேறு: அந்த வரியைப் பேசுவது தெக்கார்த் இல்லை. தத்துவம் அறியாத ஒருவர் பதறிப்போய் எழுப்பும் ஆட்சேபத்தை தெக்கார்த் தன் வாயில் போட்டுக்கொள்கிறார். சரி, பைத்தியம் வேண்டாம், கனவு காண்கிறோமே, அது அதைவிட மோசமில்லையா என்று அவரைச் சமாதானப்படுத்தி இழுத்துப் போகிறார். பின்னால், எல்லாவற்றிலும் நம்மை ஏமாற்றும் ஒரு பேயைத் தெக்கார்த் கற்பனை செய்யும்போது முழுப் பித்தும் சிந்தனைக்குள்ளேயே வந்துவிடுகிறது. ஆகவே எதுவும் வெளியே தள்ளப்படவில்லை.

ஃபூக்கோ ஒன்பது வருடம் பேசாமல் இருந்தார். 1972இல் நூலின் புதிய பதிப்பில் ஒரு பின்னிணைப்பாகப் பதில் வந்தது. ‘என் உடல், இந்தத் தாள், இந்த நெருப்பு’ என்பது தலைப்பு. தெக்கார்த்தின் அந்த இடத்திலிருந்தே எடுத்தது. இந்தப் பதிலை வகுப்பில் நடத்தும்போது எனக்கு இன்றும் ஒரு துள்ளல் வரும். ‘பெரிய வரலாற்று ஆள், வரிவரியாக வாசிக்கத் தெரியாதவர்’ என்று யாராவது நினைத்திருந்தால் அந்த நினைப்பை அங்கேயே புதைக்கிறார். லத்தீன் மூலத்தைக் கையில் எடுக்கிறார். தெக்கார்த் பைத்தியத்துக்கு ஒரே சொல்லைப் பயன்படுத்தவில்லை. அரசன் என்று நினைத்துக்கொள்பவர்களைச் சொல்லும்போது வருவது ‘இன்சானி’. கரும்பித்தத்தின் ஆவி ஏறி மூளை கெட்டவர்கள் என்ற மருத்துவ விவரணை. ‘அவர்கள் பைத்தியக்காரர்கள்’ என்று தள்ளும் இடத்தில் வருவது ‘அமென்டெஸ்’, அடுத்து ‘டெமென்ஸ்’; இவை சட்டத்தின் சொற்கள். சில காரியங்களைச் செய்யத் தகுதியில்லாதவர் என்று ஒருவரை நீக்கிவைக்கும் சொற்கள். விவரிப்பது ஓரிடம், தகுதி நீக்குவது வேறிடம். தெரிதா இந்தச் சொல்மாற்றத்தைப் பார்க்கவில்லை, பிரதியில் இல்லாத ஓர் ஆட்சேபக்காரரைத் தானே உருவாக்கி உள்ளே விட்டுவிட்டார் என்பது ஃபூக்கோவின் பதில்.

இங்கே என் தீர்ப்பு: சொற்கள் அளவில் ஃபூக்கோ வென்றார். அந்த ஆட்சேபக்காரரை நான் எத்தனை முறை தேடியும் பிரதியில் பார்த்ததில்லை. ஆனால் தெரிதாவின் சொற்பொழிவில் தெக்கார்த்தைவிடப் பெரிய இன்னொரு கேள்வி இருந்தது. பித்தின் மௌனத்தை எழுதப்போகிறேன் என்கிறாய், அதை எழுதும் மொழி பகுத்தறிவின் மொழிதானே? இதற்கு ஃபூக்கோவின் பதிலில் நேரடி விடை இல்லை. அந்த மௌனத்தின் தொல்லியல் என்று அறிவித்த 1961 முன்னுரை 1972 பதிப்பில் காணாமல் போயிருக்கிறது. முன்னுரை நீக்கப்பட்டது உறுதியான தகவல். தெரிதாவின் கேள்விதான் அதற்குக் காரணம் என்பது பலரும் சொல்லும் ஊகம். எனக்கும் அந்த ஊகம் உண்டு. ஆனால் ஊகத்தை ஊகமாகவே வைத்துக்கொள்ள வேண்டும்.

இன்னொன்றும் சொல்லாமல் போக மனமில்லை. 1963 சொற்பொழிவைத் தெரிதா தொடங்குவதே, நான் ஃபூக்கோவிடம் பாடம் கேட்டவன், நன்றியுள்ள சீடன், குருவோடு பேசத் தொடங்கும் சீடனின் மனம் நிம்மதியற்ற மனம் என்றுதான். பதிலின் முடிவில் ஃபூக்கோ எய்யும் கடைசி அம்பு என்ன தெரியுமா? தெரிதா செய்வதை மீபௌதிகம் (உலகுக்கு அடிப்படையான மெய்ப்பொருளைத் தேடும் தத்துவம்) என்று சொல்லமாட்டேன், அதற்கும் மேலே போகிறேன் என்று சொல்லி, அது வரலாற்றில் நன்கு வரையறுக்கப்பட்ட ‘ஒரு சின்னப் போதனாமுறை’ என்கிறார். பிரதிக்கு வெளியே எதுவுமில்லை என்று மாணவனுக்குச் சொல்லிக்கொடுத்து, அதை எத்தனை முறை வேண்டுமானாலும் திருப்பிச் சொல்லும் வரம்பற்ற அதிகாரத்தை ஆசிரியரின் குரலுக்குத் தரும் முறையாம். சீடன் என்று சொல்லிக்கொண்டு வந்தவனை, நீ வெறும் வாத்தியார் என்று அனுப்பிவைக்கிறார். தொண்ணூறுகளின் தமிழ்ச் சிற்றிதழ்களில் இந்த இருவர் பெயரும் எப்போதும் கமா போட்டு ஒன்றாகவே வரும், ஏதோ ஒரே கட்சியின் இரு வேட்பாளர்கள் போல. அந்தப் பழக்கத்தில் இவற்றைப் படிக்கத் தொடங்கியவர்களுக்கு இந்தப் பகை ஓர் அதிர்ச்சி. எனக்கும் அப்படித்தான் இருந்தது. இருவரும் பல வருடம் பேசிக்கொள்ளவில்லை. 1981 டிசம்பர் இறுதியில், ரகசிய வகுப்பு நடத்தப் பிராகுக்குப் போன தெரிதா பொய்யான போதைப்பொருள் வழக்கில் கைதானபோது, அவருக்காக வானொலியில் குரல் கொடுத்தவர்களில் ஃபூக்கோவும் ஒருவர்.

இப்போது பதியூ. இவரும் தெல்யூஸும் பாரிஸ் வென்சேன் பல்கலைக்கழகத்தில் ஒரே துறையில் இருந்தவர்கள். எழுபதுகளில் மாவோயிஸ்டான பதியூ தெல்யூஸைக் கடுமையாகத் தாக்கினார். பிறகு தொண்ணூறுகளின் தொடக்கத்தில் இருவரும் நீண்ட கடிதப் போக்குவரத்து நடத்தினார்கள். அந்தக் கடிதங்களை வெளியிடத் தெல்யூஸ் சம்மதிக்கவில்லை என்று பதியூவே எழுதுகிறார். தெல்யூஸ் 1995 நவம்பரில் இறந்தார். பதியூவின் நூல் 1997இல் வந்தது. வரிசையைக் கவனியுங்கள்: ஒருவர் போன பிறகு மற்றவர் எழுதும் பதில் இது. கடிதங்களில் என்ன நடந்தது என்பதை ஒருவர் வாயிலாகத்தான் நாம் கேட்கிறோம். பதியூ பொய் சொல்கிறார் என்று நான் சொல்லவில்லை. வழக்கில் ஒரு தரப்பு மட்டுமே ஆஜராகியிருக்கிறது என்கிறேன்.

அந்த நூலின் வாதம் ஒரே வரியில் இதுதான்: எல்லோரும் தெல்யூஸைப் பன்மையின் தத்துவவாதி என்று கொண்டாடுகிறார்கள், உண்மையில் அவர் ஒருமையின் தத்துவவாதி. உங்களுக்கு அங்கே வேறோர் ஆள் தெரிந்ததற்கு ஒரு காரணம், எந்த நூல்களைப் பதியூ முன்னால் வைக்கிறார் என்பது. 1968, 1969இல் தெல்யூஸ் தனியாக எழுதிய இரு பெரிய நூல்களும், சினிமா, ஃபூக்கோ, லைப்னிட்ஸ் பற்றிய பிற்கால நூல்களும்தான் பிரதானம். உளப்பகுப்பாளர் குவாத்தாரியோடு சேர்ந்து எழுதியவை ஓரத்துக்குப் போய்விடுகின்றன. குவாத்தாரி வழியாகத் தெல்யூஸிடம் போகும் எவருக்கும் பதியூவின் தெல்யூஸ் ஒரு கடுந்தவத் துறவி மாதிரி இருப்பார். ஆனால் பதியூவுக்கு நியாயம் செய்ய ஒன்று சொல்ல வேண்டும். தெல்யூஸின் பத்திகளைத் தேர்ந்தெடுத்து நூலின் பின்னால் சேர்த்திருக்கிறார். சரிபார்க்க வழிவிடுபவரை ஏமாற்றுக்காரர் என்று சொல்லிவிட முடியாது.

இதில் வேடிக்கை என்னவென்றால், தெல்யூஸ் உயிரோடிருக்கும்போதே, 1991இல் குவாத்தாரியோடு எழுதிய கடைசி நூலில், பதியூவைப் பற்றி ஒன்றிரண்டு பக்கம் வருகிறது. ‘பன்னிரண்டாம் எடுத்துக்காட்டு’ என்று அடக்கமாக ஒளிந்திருக்கும். பதியூ கணிதத்தின் கணக்கோட்பாட்டிலிருந்து (set theory) தொடங்குகிறார், ஆனால் பன்மை குறைந்தது இரண்டு வகையாக முதலிலேயே இருக்க வேண்டும் என்கிறார்கள். பதியூவின் முறையில் தத்துவம் வெறுமையான ஒரு கடந்தநிலையில், அதாவது உலகுக்கு அப்பாற்பட்ட ஒரு நிலையில், மிதக்கிறது என்பது குற்றச்சாட்டு. ஆறு வருடம் கழித்துப் பதியூ திருப்பித் தந்ததும் ஏறக்குறைய அதே சரக்குதான்: உன் உள்ளார்ந்த உலகத்துக்குள் ஒரு கடந்தநிலை ஒளிந்திருக்கிறது. இந்த வட்டாரத்தில் ஒருவரையொருவர் அடிக்கும் கல் பெரும்பாலும் ஒன்றுதான்: ‘நீ இன்னும் பழைய மீபௌதிகத்தைத் தாண்டவில்லை.’ நீட்சேயைக் கடைசி மீபௌதிகர் என்றார் ஹைடெக்கர். ஹைடெக்கர் அதிலிருந்து முழுதாக வெளியே வரவில்லை என்றார் தெரிதா. ஃபூக்கோ ‘அப்படிச் சொல்லமாட்டேன், அதற்கும் மேலே போகிறேன்’ என்றதன் காரம் இப்போது புரிகிறதல்லவா? எல்லோரும் எறியும் கல்லை எறிய அவருக்கு விருப்பமில்லை.

இதுவரை சொன்னவர்கள் எல்லோரும் மற்றவரின் பக்கத்தில் விரல் வைத்துக் காட்டினார்கள். காட்டாமல் நடந்ததும் உண்டு. 1985இல் வந்த நவீனத்துவம் பற்றிய நூலில் ஜெர்மன் தத்துவவாதி ஹேபர்மாஸ் தெரிதாவைக் கடுமையாக விமர்சிக்கிறார். ஒரு பகுதியில், தெரிதா வாதிட விரும்பும் தத்துவவாதி இல்லை என்று சொல்லிவிட்டு, அவருடைய கருத்துக்களை அமெரிக்க இலக்கிய விமர்சகர் ஜோனதன் கல்லரின் விளக்கத்திலிருந்து எடுத்துக்கொள்கிறார். என்னை இவ்வளவு விமர்சிக்கும் இடத்தில் என் எழுத்திலிருந்து ஒரு மேற்கோள்கூட இல்லையே என்று தெரிதா 1988இல் கொதித்தார். அந்தக் கொதிப்பு நியாயமானது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஹேபர்மாஸின் பெரிய வாதம் தவறா என்பது வேறு விஷயம். அதைப் பற்றி என் கருத்து வருடத்துக்கு ஒருமுறை மாறுகிறது. பிறகு 2003 மே மாதம் ஈராக் போர் சமயத்தில் இருவரும் சேர்ந்து கையெழுத்திட்ட ஐரோப்பா பற்றிய கட்டுரை பத்திரிகைகளில் வந்தது. தத்துவப் பகை தீர்ந்துவிட்டது என்று அதற்கு அர்த்தமில்லை.

வாசிப்பே நடக்காமல் போனதும் உண்டு. 1981 ஏப்ரலில் பாரிஸ் கோத்தே நிறுவனத்தில் காதமரும் தெரிதாவும் சந்தித்தார்கள். புரிந்துகொள்ள நல்லெண்ணம் வேண்டும் என்றார் காதமர். அந்த நல்லெண்ணமும் ஒருவகை அதிகார விருப்பம்தானே என்ற தொனியில் தெரிதா மூன்று சிறிய கேள்விகள் கேட்டுவிட்டு, தன் முறை வந்தபோது ஹைடெக்கரின் நீட்சே பற்றிப் பேசப் போய்விட்டார். வாயைத் திறக்கும் எவரும் தன்னைப் புரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் திறக்கிறார் என்று கிழவர் குழம்பிப்போய்ப் பதிலெழுதினார். அன்று நடந்ததை நான் விவாதம் என்றே சொல்லமாட்டேன். ஆனால் காதமர் 2002இல் 102 வயதில் மறைந்த பின், அடுத்த வருடம் ஹைடல்பர்க்கில் அவர் நினைவாகத் தெரிதா ஆற்றிய உரையைப் படித்துப் பாருங்கள். ஜெர்மன் மொழிக் கவிஞர் செலானின் ஒரு கவிதையை வரிவரியாக வாசிக்கிறார். செலான் காதமருக்கு மிகப் பிடித்த கவிஞர். இருபது வருடம் தாமதமாக வந்த பதில் என்று நான் அதை எடுத்துக்கொள்கிறேன். மற்றவர்கள் அப்படி எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

அண்மைக் காலத்து விவாதங்களில் பக்கத்தில் விரல் வைக்கும் பழக்கம் குறைந்துவிட்டது என்பது என் மனக்குறை. 2006இல் பிரெஞ்சுத் தத்துவவாதி மெய்யசூ, காண்ட் தொடங்கிக் கிட்டத்தட்ட எல்லோருக்கும் ‘தொடர்புறவுவாதம்’ என்று ஒரே பட்டம் கட்டினார்: சிந்தனைக்கும் உலகுக்கும் உள்ள உறவைத்தான் அறிய முடியும், அதற்கு வெளியே உலகைத் தனியாக அறிய முடியாது என்ற நிலைப்பாடு அது. கூர்மையான சொல்தான், ஆனால் அத்தனை பேரை ஒரே சாக்கில் போட்டால் யாரையும் தனியே வெளியே எடுத்துப் பார்க்க முடியாது. அரசியல் பற்றி எழுதும் தத்துவவாதிகளான லக்லாவ், பட்லர், ஜிஜெக் மூவரும் 2000இல் ஒருவருக்கொருவர் கேள்வி அனுப்பி, மூன்று சுற்றாகப் பதில் எழுதிச் சேர்ந்து ஒரு நூலே போட்டார்கள். அது நல்ல மாதிரி. ஆனால் ஐந்தே வருடத்தில் லக்லாவ், ஜிஜெக் செவ்வாய்க்கிரக வாசிகளுக்காகக் காத்திருக்கிறார் என்று எழுதும் அளவுக்கு உறவு கெட்டது.

உங்கள் தெல்யூஸுக்குத் திரும்புகிறேன். அவர் தனியாக எழுதிய அந்த 1968 நூலின் கடைசிப் பத்தியை எடுங்கள். பதியூ தன் நூலுக்கு ‘இருப்பின் ஆரவாரம்’ என்ற தலைப்பை எடுத்த இடம் அதுதான். ஆயிரம் வழிகள் கொண்ட பன்மை முழுவதற்கும் ஒரே குரல், எல்லாத் துளிகளுக்கும் ஒரே கடல், உள்ளவை அனைத்துக்கும் இருப்பின் ஒரே ஆரவாரம் என்று ஒரு வாக்கியம். உடனே அடுத்த வாக்கியம் ஒரு நிபந்தனை போடுகிறது: ஒவ்வொன்றும், ஒவ்வொரு துளியும் தன் மிகைநிலையை, அதாவது தன்னை இடம்பெயர்த்து வேடமிட வைக்கும் வித்தியாசத்தை எட்டியிருந்தால்தான். முதல் வாக்கியத்தில் எடையைப் போட்டால் பதியூவின் தெல்யூஸ் எழுந்து வருவார். இரண்டாவதில் போட்டால் நீங்கள் பார்த்த அந்த வேறு ஆள். எடையை எங்கே வைப்பது என்பது முப்பது வருடமாகத் தீராத விஷயம். என் கை இரண்டாவது பக்கம் சாய்கிறது, ஆனால் அடித்துச் சொல்லமாட்டேன். அந்த இரண்டு வாக்கியங்களையும் கையில் வைத்துக்கொண்டு பதியூவை மறுபடி முதல் பக்கத்திலிருந்து படியுங்கள். இந்த முறை அதைப் பதியூவைப் பற்றிய நூலாகப் படியுங்கள். எங்காவது சிக்கினால் பக்க எண்ணோடு கேளுங்கள், சேர்ந்து பார்க்கலாம்.